ஒன்றாம் வகுப்பு, இரவு ஒன்பது மணி, இன்னும் ஒரு பக்கம் பாக்கி

செல்லூர்_அம்மா
ஞாயிறு, இரவு 10.40

இத்தனை நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகன் ஒன்றாம் வகுப்பு. ஆறு வயது முடிந்து இரண்டு மாதம். மதுரையில் ஓர் ஆங்கில வழிப் பள்ளி. போன வியாழக்கிழமை டைரியில் இருந்தது இது: தமிழில் கை, பை, மை, தை ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ங வரிசை ஒரு தடவை. இங்கிலீஷில் கர்சிவ், அதாவது எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது, ஒரு பக்கம். கணக்கில் 1 முதல் 100 வரை. நான் கடையில் வேலை முடித்து வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும். சமைத்து, அவன் சாப்பிட்டு உட்காரும்போது எட்டு. ஒன்பது மணிக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி. கண் சொருகுகிறது, "கை வலிக்குதும்மா" என்கிறான்.

என்ன எழுதியிருக்கிறான் என்று எட்டிப் பார்த்தால், நோட்டில் மேலிருந்து கீழே பத்து வரிக்கும் முதலில் கொம்பை மட்டும் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். அப்புறம் திரும்ப மேலே வந்து ஒவ்வொரு கொம்புக்குப் பக்கத்திலும் ஒரு 'க'. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரப்பர் போட்டுப் போட்டுத் தாள் கிழிந்திருந்ததைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அழுதுகொண்டே தூங்கினான். பாக்கிப் பக்கத்தை நானே இடது கையால் எழுதி முடித்தேன்.

இன்னொன்றும் புரியவில்லை. அ முதல் ஃ வரை, க வரிசை முதல் ன வரிசை வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். தெருவில் போஸ்டரில் 'படம்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் காட்டினால் முழிக்கிறான்.

நான் பன்னிரண்டாவது வரை, தமிழ் வழி. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். மாமியார் பள்ளிக்கூடம் போனதில்லை. தெருமுனையில் டியூஷன் இருக்கிறது, மாதம் ஐநூறு. சேர்த்துவிடலாமா? நானே சொல்லித்தருவது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாடிப்படி
ஞாயிறு, இரவு 11.05

சேர்த்துவிடுங்கள். அம்மாவும் பிள்ளையும் தினமும் மல்லுக்கட்டாமல் இருப்பதற்கே ஐநூறு கொடுக்கலாம். என் மகளை அப்படித்தான் விட்டேன். (அங்கேயும் டைரியைப் பார்த்து எழுத வைக்கிறார்கள், அவ்வளவுதான். அது வேறு விஷயம்.)

கோர்ட்_வாசல்
திங்கள், காலை 7.20

டியூஷனுக்கு முன்னால் ஒரு கேள்வி. ஒன்றாம் வகுப்புக்கு எதற்கு வீட்டுப்பாடம்? 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த இரண்டு வகுப்புக்கும் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் அதில்தான். 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கே வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். வாரத்துக்கு, நாளைக்கு அல்ல. உங்கள் பையன் வியாழக்கிழமை ஒரே ராத்திரியில் அதில் பாதியை முடித்திருக்கிறான்.

செல்லூர்_அம்மா
திங்கள், காலை 7.48

இது எனக்குத் தெரியாது. ஆனால் போன பெற்றோர் கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். மிஸ் எதுவும் சொல்வதற்கு முன்பே இரண்டு மூன்று பேர் எழுந்து, "ஹோம்வொர்க் பத்தலை, வீட்டில் டிவியே பார்க்கிறான், இன்னும் கொடுங்கள்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது நான் போய் உத்தரவு, சுற்றறிக்கை என்று பேசினால் எப்படி இருக்கும்?

சாக்பீஸ்_டீச்சர்
திங்கள், பகல் 2.10

சிவகங்கைப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 31 வருடம் இருந்தேன், பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு. இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

அடித்ததைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள், அதை விடுவோம். அந்தக் கொம்பைப் பற்றிச் சொல்கிறேன். 'கை' என்று சொல்லும்போது க் முதலில், ஐ பிறகு. எழுதும்போது கொம்பு முதலில், க பிறகு. கெ, கே, கை மூன்றுமே இப்படித்தான். கொ, கோ, கௌ என்றால் எழுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். நமக்குப் பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. உங்கள் பையனுக்குப் பட்டிருக்கிறது. இது ஒரே எழுத்து இல்லை, இரண்டு துண்டு என்று கண்டுபிடித்து, வேலை சீக்கிரம் முடிய முதலில் இந்தத் துண்டு, அப்புறம் அந்தத் துண்டு என்று பாகம் பிரித்திருக்கிறான். மக்குப் பிள்ளை செய்கிற வேலை இல்லை இது.

ஆனால் பத்து வரி முடிந்தபோது ஒரு தடவைகூட அவன் வாய் 'கை' என்று சொல்லியிருக்காது. விரல் உழைத்தது, காது சும்மா இருந்தது. பத்துக்குப் பதில் மூன்று தடவை எழுதட்டும், எழுதும்போது சத்தமாகச் சொல்லட்டும், முடித்ததும் அவன் கையைத் தொட்டுக் காட்டட்டும். போதும்.

அடுத்து அந்த 'படம்'. அவனுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. 'ட'வை மட்டும் தனியாக எழுதிக் காட்டிப் பாருங்கள். க, ங, ச, ஞ, ட என்று முதலிலிருந்து ஓடி வந்து அங்கே நிற்பான். 247 என்ற எண்ணைக் கேட்டுப் பயப்படாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216ம் சேர்க்கைதான். ட, ப, ம, ய என்று கோடு எளிதாக இருக்கிற நான்கு எழுத்தை முதலில் எடுங்கள். புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டால் அன்றைக்கே படம், மடம், பட்டம் படித்துவிடுவான். படித்துவிட்டோம் என்ற ருசி முதல் நாளே நாக்கில் பட வேண்டும். பிள்ளையே அட்டை எடுத்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை வந்த புதிதில் அகர வரிசையை மாற்றிவிட்டார்களே என்று நானே கோபப்பட்டேன். 'அ' இல்லாமல் என்ன தமிழ் என்று தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டேன். இரண்டு மாதத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ங வரிசை எழுதச் சொன்னதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஙா, ஙி, ஙீ எல்லாம் எங்கே போய் எழுதப் போகிறான்? அவனுக்கு வேண்டியது 'ங்' மட்டும். 'அங்ஙனம்' என்று எழுதுகிற வயதில் 'ங'வும் வந்துவிடும். ஆத்திசூடியே 'ஙப் போல் வளை' என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டது.

பழைய_பிரம்பு
திங்கள், மாலை 5.30

எல்லாம் சரி. எங்கள் காலத்தில் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லித்தான் எங்கள் அப்பா பள்ளியில் விட்டுவிட்டு வந்தார். நூறு தடவை இம்போசிஷன் எழுதினோம். கையெழுத்து இன்றைக்கும் முத்து மாதிரி இருக்கிறது. இப்போது ஒரு பக்கம் எழுதினால் கை வலி என்கிறார்கள்.

வண்டியூர்_அப்பா
திங்கள், மாலை 6.15

பிரம்பு சார், நானும் அந்தக் கூட்டம்தான். எனக்கும் கையெழுத்து முத்துதான். ஆனால் பரீட்சைக்கு இல்லாமல் ஒரு புத்தகத்தை நானாக எடுத்துப் படித்தது முப்பத்திரண்டு வயதில், அதுவும் மகளுக்காக. உங்களோடு படித்து, நான்காம் வகுப்போடு நின்றுபோன பையன்கள் யாரும் இந்த இழையில் வந்து கையெழுத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை.

பழைய_பிரம்பு
திங்கள், மாலை 6.40

அதுவும் சரிதான். எங்கள் வகுப்பில் பதினோரு பேர் நின்றார்கள்.

முருங்கைக்கீரை
திங்கள், இரவு 8.02

கை வலி உண்மையான வலிதான், சாக்கு இல்லை. ஐந்து ஆறு வயதில் விரலும் மணிக்கட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. என் மகள் பென்சிலை முஷ்டியில் பிடித்து, தாளே பின்பக்கம் மேடு தட்டும் அளவுக்கு அழுத்துவாள். நான் எழுத்தை விட்டுவிட்டு அடுப்படியில் வேலை கொடுத்தேன். பட்டாணி உரிப்பது, கீரை உருவுவது, மாவு உருட்டுவது, துணிக்கு கிளிப் மாட்டுவது. அப்புறம் ஒரு சின்ன கிண்ணத்தில் தண்ணீர், ஒரு பெயின்ட் பிரஷ், சிமென்ட் தரை. எழுத எழுதக் காய்ந்துவிடும், ரப்பருக்கு வேலையே இல்லை. தப்பாக எழுதினாலும் ஒரு நிமிடத்தில் சாட்சி அழிந்துவிடும் என்பதுதான் அவளுக்குப் பிடித்தது.

பென்சிலை முழுசாகக் கொடுக்காமல் பாதியாக ஒடித்துக் கொடுங்கள். குட்டைப் பென்சிலை முஷ்டியில் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்துவிடும்.

திண்ணை_வகுப்பு
திங்கள், இரவு 9.25

2021 கடைசியில் அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் ஒன்றரை மணி நேரம், எங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள். கொரோனாவால் ஒன்றாம் வகுப்பையே வகுப்பறையில் பார்க்காமல் இரண்டாவதுக்கு வந்த பிள்ளைகள்.

அதில் ஒரு பையன் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கடகடவென்று படிப்பான். அவன் அம்மா பெருமையோடு நின்று கேட்பார்கள். ஒரு நாள் கவனித்தேன், வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் ஐந்தாவது வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். டீச்சர் சொன்ன அதே 'ட' கதை, பக்க அளவில்.

அதனால் பெற்றோருக்கு ஒரே ஒரு சோதனை சொல்வேன். பாடத்தில் இருக்கிற சொற்களையே வேறு மாதிரி அடுக்கி ஒரு சின்ன வாக்கியம் நீங்களே எழுதிக் காட்டுங்கள். 'தம்பி பட்டம் விட்டான்' என்று பாடத்தில் இருந்தால் 'பட்டம் தம்பி மேல் விழுந்தது' என்று எழுதுங்கள். படித்துச் சிரித்தால் படிக்கத் தெரிகிறது. பழைய வாக்கியத்தையே சொன்னால் மனப்பாடம். திட்ட வேண்டாம், இரண்டு படி கீழே இறங்கி வந்து ஆரம்பித்தால் போதும். இப்போது அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பதும் இதற்காகத்தான். ஒரே வகுப்பில் எழுத்தே தெரியாத பிள்ளையும் கதை படிக்கிற பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் திண்ணையில் நன்றாக எடுபட்டது க-பாஷை. 'நீ வா' என்பதை 'கநீ கவா' என்று பேசுவோமே, அதுதான். ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிய்க்கத் தெரியாதவன் அந்தப் பாஷை பேசவே முடியாது. பேசிப் பழகியவர்களுக்கு எழுத்துக் கூட்டுவது பாதி முடிந்த மாதிரி. நான் கண்டுபிடித்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ள ஆசைதான், ஆனால் சொல்லித்தந்தது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

செல்லூர்_அம்மா
செவ்வாய், காலை 6.55

டீச்சர், நேற்று ராத்திரி 'ட' சோதனை செய்தேன். நீங்கள் சொன்னது போலவே க, ங, ச, ஞ என்று ஓடி வந்து நின்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

மாமியார் விஷயம்: "எனக்கு என்ன தெரியும், நான் கைநாட்டு" என்று அவன் நோட்டை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். நாலரை மணியிலிருந்து ஏழு வரை அவன் கூட இருப்பது அவர்கள்தான்.

பொட்டுக்கடலை
செவ்வாய், காலை 9.10

என் அம்மாவும் கைநாட்டுதான். எங்களுக்குப் படிப்பு வந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். மளிகைச் சாமான் வந்ததும் பொட்டலம் கட்டி வந்த பேப்பரைப் பிரித்து நீவி, "இதில என்னடா போட்டிருக்கு" என்று கேட்பாள். அது பாதிச் செய்தியாக இருக்கும். கிழிந்த இடத்துக்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று அவளே ஒரு கதை சொல்வாள். பஸ் வந்தால் போர்டைப் படிக்க வேண்டியது நான். தப்பாகப் படித்தால் தப்பான ஊருக்குப் போக வேண்டியதுதான், ஒரு தடவை போயும் இருக்கிறோம். ஆறு வயதில் வீட்டுக்கு நான் தேவைப்பட்டேன். அதைவிட என்ன வேண்டும்?

உங்கள் மாமியாரை டீச்சர் ஆக்காதீர்கள். மாணவி ஆக்குங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் படித்ததை அவர்களுக்குச் சொல்லித்தரட்டும். அப்புறம் விடுகதை. காலில்லாப் பந்தல், காணக் காண விநோதம், அது என்ன? எங்கள் அம்மா பதிலைச் சொல்லவே மாட்டாள். வானம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

சாக்பீஸ்_டீச்சர்
செவ்வாய், பகல் 1.30

பொட்டுக்கடலை சொன்னதை நான் வரிக்கு வரி ஒத்துக்கொள்கிறேன். என் வகுப்பில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளையையும் கேட்காத பிள்ளையையும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். எழுத்து இருவருக்கும் தெரியாது. ஆனால் 'ஒரு ஊரில் ஒரு நரி' என்று படிக்கும்போது அடுத்து என்ன வரும் என்று ஒருவனுக்குத் தெரியும், மற்றவனுக்கு அது வெறும் சத்தம்.

இன்னொரு சிக்கல் வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும். வீட்டில் 'போனான்', புத்தகத்தில் 'சென்றான்'. வீட்டில் 'மள', புத்தகத்தில் 'மழை'. வீட்டில் கேட்டே இராத சொல்லை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தாலும், சரியாகப் படித்தோமா என்று அவனுக்கே தெரியாது. அதனால் கதை வாசிக்கும்போது இரண்டையும் சொல்லுங்கள். "சென்றான், அதாவது போனான்." அவ்வளவுதான், பெரிய விளக்கம் வேண்டாம்.

வீட்டில் எழுதத் தெரிந்த பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தால்கூட ஒரு வேடிக்கை வரும். என்னிடம் ஒரு பெண் 'லை' எழுதும்போது யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைத்து எழுதினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றால் தாத்தா. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்படப் பதின்மூன்று எழுத்து மாறியது. அதற்கு முன் படித்தவர் தாத்தா. நான் தப்பு போடவில்லை. ஓரத்தில் 'தாத்தா லை' என்று எழுதிவிட்டு, அடியில் 'பள்ளிக்கூட லை' என்று இன்னொன்று எழுதிக் காட்டினேன். இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை அந்த வகுப்பில் அவள்தான்.

வண்டியூர்_அப்பா
செவ்வாய், இரவு 9.50

ராத்திரிக் கதையைப் பற்றி என் அனுபவம். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரே புத்தகத்தை ஒரு மாதத்துக்கு மேல் கேட்டாள், எனக்குப் பைத்தியம் பிடித்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் கதை கேட்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் ஒரு சொல்லைத் தாண்டிவிட்டேன், "அப்பா, 'பெரிய'வை விட்டுட்டீங்க" என்றாள்.

தமிழ்ப் புத்தகத்தில் ஒரு தொல்லை உண்டு. 'விளையாடிக்கொண்டிருந்தான்' என்று ரயில் பெட்டி மாதிரி ஒரு சொல் வந்து நிற்கும், பிள்ளை பயந்துவிடும். ஒரு விசிட்டிங் கார்டால் மூடி, 'விளையாடி' வரை முதலில், 'கொண்டு', அப்புறம் 'இருந்தான்' என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவேன். இப்போது அவளே பெட்டியைக் கழற்றிக்கொள்கிறாள். தப்பாகப் படித்தால் உடனே குறுக்கே போகாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் அவர்களே திரும்பி வந்து திருத்திக்கொள்வார்கள்.

புத்தகத்துக்குச் செலவே வேண்டாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிலை வாரியாக நூற்றுக்கணக்கான கதைகள் இலவசம். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்கு அச்சிட்ட குட்டிப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அரசுப் பள்ளிப் பிள்ளை யாராவது தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்கள் மதுரை. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தார்கள், அதில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி. ஏசியும் உண்டு, மே மாதத்தில் அதற்காகவே போகலாம்.

மாடிப்படி
செவ்வாய், இரவு 10.15

போனில் எழுத்துப் பழகும் ஆப்கள் இருக்கின்றனவே?

திண்ணை_வகுப்பு
செவ்வாய், இரவு 10.31

பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே என்றால் சரி. கையில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனால் மூன்றாவது நிமிடம் பொம்மை வீடியோவில் இருப்பான். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

செல்லூர்_அம்மா
புதன், காலை 7.05

இங்கிலீஷுக்கு என்ன செய்ய? அதில்தான் எனக்குப் பயம். என் உச்சரிப்பைக் கேட்டு அவனும் தப்பாகப் பழகிவிடுவானோ என்று வாயே திறப்பதில்லை.

முருங்கைக்கீரை
புதன், காலை 10.40

திறங்கள். தமிழில் ஒரு வசதி, எழுத்தின் பெயரும் சத்தமும் ஒன்று. 'ப'வின் பெயரும் ப, சத்தமும் ப. இங்கிலீஷில் பெயர் 'சீ, ஏ, டீ', சேர்த்தால் 'கேட்' (cat). பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். அதனால் பெயரைவிடச் சத்தத்தை முதலில் சொல்லுங்கள். சின்ன 'b'யும் சின்ன 'd'யும் வயிறு எந்தப் பக்கம் என்று ஏழு வயது வரை குழம்புவது சகஜம், அதற்காக இம்போசிஷன் வேண்டாம். கதையை இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் பேசுங்கள். கதை புரிவதும் கேள்வி கேட்பதும் எந்த மொழியில் பழகினாலும் அடுத்த மொழிக்கும் உதவும்.

ஆறு வயதில் கர்சிவ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் படிக்கிற எந்தப் புத்தகமும் கர்சிவில் அச்சாகவில்லை.

மௌன_எழுத்து
புதன், மாலை 4.20

சிறப்புக் கல்வியாளராக வேலை செய்கிறேன், ஒரு சின்னக் குறிப்பு. 'அம்மா'வை 'அமா' என்று எழுதுவது, ல-ள-ழ குழப்பம், எழுத்தைத் திருப்பிப் போடுவது எல்லாம் இந்த வயதில் சாதாரணம். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பலகை தெரியாமலே ஒரு வருடம் ஓட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பு முடிந்தும், நன்றாகச் சொல்லிக்கொடுத்தும், தெரிந்த எழுத்தே மறுநாள் மறந்துபோகிறது என்றால் அப்போது கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது. 2016இல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது, இதைக் காரணம் காட்டிப் பள்ளி இடம் மறுக்க முடியாது. இந்தப் பையனைப் பற்றி இதுவரை எழுதியதில் எனக்குக் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை.

சாக்பீஸ்_டீச்சர்
புதன், மாலை 5.00

பள்ளியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், முதல் நாளே சண்டை ஆகிவிடும். டைரியில் ஒரு வரி போதும். "இருபது நிமிடம் உட்கார்ந்தான், இவ்வளவு முடிந்தது, தூங்கிவிட்டான்." கீழே உங்கள் கையெழுத்து. இடது கையால் எழுதி முடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். அவனுக்கு எது வரவில்லை என்று அந்த மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டிய ஒரே இடம் அந்த நோட்டு, அதிலேயே நீங்கள் மறைத்துவிடுகிறீர்கள்.

செல்லூர்_அம்மா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

எல்லோரும் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

டைரியில் அந்த ஒரு வரியை எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் நாள் மிஸ் கூப்பிட்டுப் பேசினார்கள். "எனக்கும் நாற்பத்திரண்டு நோட்டு திருத்தணும்ங்க, மேலே கேட்கிறாங்கன்னுதான் கொடுக்கிறேன்" என்றார்கள். தமிழ் பத்துத் தடவை மூன்று தடவை ஆகிவிட்டது. கர்சிவ் மட்டும் அப்படியே இருக்கிறது, அது நிர்வாகமாம். அதை அவன் பாதி எழுதுகிறான், நான் பாதிக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

டியூஷன் சேர்க்கவில்லை. எழுதுவதைப் பள்ளி விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கச் சொல்லிவிட்டேன். மாமியார் மல்லிகைப்பூ கட்டிக் கொடுப்பவர்கள். இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டிரண்டு பூவாக எடுத்துக் கொடுக்கிறான், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு எழுத்து சொல்ல வேண்டும் என்பது அவர்களே போட்ட விதி. பாட்டிக்கு ட, ப, ம, ய நான்கும் தெரிந்துவிட்டது. போன வாரம் ரேஷன் கடைப் பையில் 'ப'வைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கடைக்குச் சாமான் எழுதுவது இப்போது அவன் வேலை. 'தக்காலி, வெங்கயம், பருபு' என்று எழுதினான். திருத்தாமல் அப்படியே கொடுத்தனுப்பினேன். கடைக்காரர் படித்து மூன்றையும் சரியாகக் கொடுத்தார். அவனுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை திரும்பவும் கத்தினேன். அடிக்கவில்லை.

நேற்று பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வந்த பஸ்ஸின் போர்டைப் பார்த்து "மா... ட்... டு... மாட்டு... த்... தா..." என்று ஆரம்பித்தான். கண்டக்டர் விசில் அடித்து வண்டியே கிளம்பிவிட்டது, இவன் ஓடிக்கொண்டே 'வணி'யை முடித்தான். மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போகிற, நாங்கள் ஏற வேண்டிய பஸ் அது. அடுத்ததற்கு இருபது நிமிடம் நின்றோம். அந்த இருபது நிமிடமும் ஒரே கேள்வி: "அம்மா, மாடு எதுக்குத் தாவணி கட்டுது?" எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

சாக்பீஸ்_டீச்சர்
ஞாயிறு, இரவு 7.45

தெரியும். மாடுகளை வரிசையாகக் கட்டுகிற நீளக் கயிற்றுக்கும் தாவணி என்று பெயர். அப்படிக் கட்டி விற்கிற மாட்டுச் சந்தையையும் தாவணி என்பார்கள். உடுத்துகிற தாவணி வேறு.

செல்லூர்_அம்மா
ஞாயிறு, இரவு 8.20

அப்படியே சொன்னேன் டீச்சர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சித்தி கட்டுறது கயிறா?" என்கிறான். பாட்டி பூவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.